வரைபடத்தில் கறுப்பாக நின்ற சரிவு

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நாற்பது. முதலில் தெரிந்தது கறுப்புத் திரை. அதன் நடுவே நெல்மணி அளவில் ஒரு பச்சை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பச்சை நீண்டது. நத்தை ஊர்ந்த தடம் போல வளைந்து மேலே போனது. அதன் முனையில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. புள்ளி நின்றால் பச்சையும் நின்றது. புள்ளி நகர்ந்தால் அதன் இருபுறமும் நிலம் விரிந்தது: தேயிலை நிரைகள், சாம்பல் நிறப் படிக்கட்டு, ஒரு தகரக் கூரையின் வெளிர் நீலம்.

"ஓடுதுங்க" என்றாள் மனைவி. சோற்றுத் தட்டு அவள் பக்கத்தில் மூடியபடி இருந்தது.

"யாரு நடக்கிறது?"

"கட்டார்ல இருக்கிற அண்ணன். இன்னைக்கு அங்க லீவு. ஸ்டோர்ல இருந்து மேக்கணக்குக்கு ஏறுறாரு."

ஸ்டோர் என்று தோட்டத்தில் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. மேக்கணக்கு என்பது தோட்டத்தின் மேல் பிரிவு. கட்டாரில் ஒரு லொறிச் சாரதி, தன் அறையில் கட்டிலில் சாய்ந்தபடி, மடுல்சீமை மலையொன்றில் ஏறிக்கொண்டிருந்தார். அவர் ஏறுவதைப் பதுளைக் கடைத்தெருவில் ஒரு மாடி அறையிலிருந்து நாங்கள் பார்த்தோம். ஜன்னலுக்கு வெளியே நமுனுகுல மலையை மேகம் பாதி மறைத்திருந்தது.

நான் பதுளையிலிருந்து ஒரு நாளிதழுக்கு நெடுங்காலம் செய்தி அனுப்பியவன். மண்சரிவு, பஸ் கவிழ்ந்தது, சம்பளப் பேச்சுவார்த்தை என்று எதுவானாலும் நடந்து முடிந்த பிறகே என் கைக்கு வரும். ஒரு மனிதன் கால் வைக்கும் அதே நொடியில் அவன் வழி கோடாக விழுவதை அன்றுதான் பார்த்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடிக்க நினைத்தேன். எழவில்லை.

அந்த விளையாட்டில் வெற்றி தோல்வி கிடையாது. உலகம் முழுவதும் கனசதுரக் கட்டிகளால் ஆனது. ஒரு கட்டி ஒரு மீற்றர். தோண்டலாம், அடுக்கலாம், வீடு கட்டலாம், சும்மா நடக்கலாம். எங்கெங்கோ இருப்பவர்கள் ஒரே நேரத்தில் ஒரே உலகத்துக்குள் வரலாம். என் மனைவி வீட்டிலிருந்தபடி கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு நிரல் எழுதுகிறவள். செயற்கைக்கோள்கள் அளந்த நில உயரக் கணக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்று அறிந்ததும், மடுல்சீமைக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்தின் மலைகளை அந்த விளையாட்டுக்குள் இறக்கினாள். மரமோ கட்டடமோ இல்லாத மொட்டை மலைகள். பிறகு அந்தத் தோட்டத்து ஆட்களின் போன் குழுவில் ஓர் அழைப்புப் போட்டாள்: இது நம்ம தோட்டம், வந்து கட்டுங்க.

வந்தார்கள். வத்தளையில் கடை வேலை செய்பவர்கள், கொழும்பில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், தோட்டத்திலேயே இருப்பவர்கள், வளைகுடாவுக்குப் போனவர்கள். கட்டார் அண்ணன் தோட்டத்தில் இருக்கும் தன் மகனோடு பேச்சு வளர்க்க இந்த விளையாட்டுக்குள் வந்தவர். குழுவில் வயதில் மூத்தவர் அவர்தான். மொட்டை மலைகளில் லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், எழும்பின. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா வந்தது, கோயில் வந்தது. கட்டும்போது அவர்கள் பேசிக்கொள்வது ஒலிபெருக்கியில் கேட்கும். நான் பத்திரிகை படித்துக்கொண்டு கேட்பேன்.

"டேய், பைப்படி கோயிலுக்கு இந்தப் பக்கம்டா."

"எங்க லயத்துல இருந்து பாத்தா அந்தப் பக்கம்."

"ஒங்க லயத்துல இருந்து பாத்தா கோயிலே தெரியாது. நீங்க எப்ப கோயிலுக்கு வந்தீங்க?"

"சரி, பைப்ப நடுவுல வைங்க. ரெண்டு பக்கமும் தண்ணி விடுங்க. நெசத்துலதான் வரல, இதுலயாச்சும் வரட்டும்."

இந்தச் சண்டைகளைத் தீர்க்க ஒரு வரைபடம் வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். விளையாட்டு தானாக வரைபடம் காட்டாது. அதோடு ஒட்டவைக்க ஒரு கூடுதல் நிரல் எழுத வேண்டும். மோட் என்கிறார்கள் அதை. விளையாட்டுக்குள் ஒரு கட்டி மாறினாலும் அது உடனே வரைபடத்தில் மாற வேண்டும். உள்ளே நடப்பவர்கள் புள்ளிகளாகத் தெரிய வேண்டும். விளையாடாதவர்களும் போனில் பார்க்க முடிய வேண்டும். அவள் எழுத ஒப்புக்கொண்டாள்.

குழுவுக்குத் தெரியாத காரணம் ஒன்று அவளிடம் இருந்தது. அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது அவள் அம்மா அந்தத் தோட்டத்தில் இறந்தார். பெண்கள் புதைகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. பாடை லயத்து வாசலைத் தாண்டியது வரைதான் அவள் பார்த்தது. அப்பா அதே மாதம் அவளைப் பதுளைக்கு அழைத்து வந்து ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அம்மா எங்கே என்று கேட்டால் "மலையில இருக்கா" என்பார். எந்த மலை என்று அவள் கேட்கும் வயது வருவதற்குள் அவரும் போய்விட்டார். கல் இல்லை, பெயர்ப் பலகை இல்லை.

இப்போது அந்தத் தோட்டத்தில் வீட்டுத் திட்டம் வருகிறது. கைவிடப்பட்ட தேயிலைச் சரிவுகளை மட்டப்படுத்தித் தனி வீடுகள் கட்டப்போகிறார்கள். அதை நானே செய்தியாக அனுப்பினேன், நான்கு பத்தி. பழைய புதைகுழிகள் அந்தச் சரிவுகளில் எங்கோ இருக்கின்றன. மண் வெட்டுமுன், தங்கள் ஆட்களின் இடத்தைக் காட்டக்கூடியவர்கள் வந்து காட்டிச் சாமி கும்பிட்டு, பிடி மண் எடுத்துப் போகலாம் என்று தோட்டத் தலைவர் கோயிலில் அறிவித்திருந்தார். காட்டக்கூடியவர்கள் என்ற சொல்லை நான் மாற்றாமல் அப்படியே போட்டேன். அதைப் படித்துவிட்டு என் மனைவி பத்திரிகையை மடித்து வைத்தாள்.

அவளும் நானும் தோட்டத்துக்குப் போய் வயதானவர்கள் மூவரிடம் தனித்தனியாகக் கேட்டோம். மூவரும் நிச்சயமாகச் சொன்னார்கள். மூவரும் மூன்று மலைகளைக் காட்டினார்கள். 

"குழுவுல கேட்டுப் பாரேன்" என்றேன் பஸ்ஸில் திரும்பும்போது.

"கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. பாவம்னு நெனச்சுச் சொல்லுவாங்க. அவங்க புதைகாட்டக் கட்டுறாங்களான்னு பாக்கிறேன். கட்டுனா நானே பாத்துக்கிறேன்."

கேள்வியே பதிலை உண்டாக்கிவிடும் என்பது நிருபர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அவர்கள் எல்லாம் கட்டினார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவம், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களம், தொரை பங்களாவின் கேட், கேட்டில் ஒரு நாய். புதைகாட்டை மட்டும் யாரும் கட்டவில்லை.

அவள் முதலில் எழுதிய மோட், ஒரு தேயிலை இலை மாறினாலும் தோட்டம் முழுவதையும் மறுபடி வரைந்தது. மடிக்கணினியின் விசிறி வானூர்தி போல இரைந்தது. வரைபடத்தைத் திறந்துவைத்த தோட்டத்துப் பையன்களின் போன் டேட்டா ஒரே மாலையில் தீர்ந்தது. "அக்கா, மேப் சூப்பர். ஆனா இனி நான் அடுத்த மாசந்தான் பாப்பேன்" என்று ஒருவன் செய்தி போட்டான். ஆகவே அவள் ஒரு சிக்கனம் செய்தாள். யாராவது கால் வைத்த இடத்தையும் அதை ஒட்டிய சில மீற்றரையும் மட்டுமே வரைபடம் வரையும். நடக்காத இடம் கறுப்பாகவே இருக்கும். அந்த மாற்றத்துக்குப் பிறகு முதன்முதலில் ஓடியதுதான் நான் பார்த்த அந்த வெள்ளிக்கிழமை.

அடுத்து வந்த வாரங்களில் தோட்டம் கறுப்பிலிருந்து மேலே வந்தது. காலையில் எழுந்ததும் நாங்கள் பார்ப்பது அதைத்தான். இரவு வேலை முடித்து வத்தளையில் யாரோ ஓடைக்கரை வழியே நடந்திருப்பார். ஓடை முழுவதும் வந்திருக்கும். உயரத்துக்கு ஏற்ப அவள் நிழல் கொடுத்திருந்ததால் முகடுகள் திரையிலிருந்து புடைத்து நின்றன. எனக்கு அந்த மலைகள் தெரியும். மண்சரிவுச் செய்திக்காக மழைக்கவசம் போட்டு ஏறியிருக்கிறேன். ஆனால் ஒரு மலை எந்த மலையின் முதுகில் சாய்ந்திருக்கிறது, எந்த ஓடை எந்த ஓடையைத் தேடிப் போகிறது என்று அப்போதுதான் கண்டேன். படம் போட்டவர் என்று ஒருவர் இல்லை. நடந்தவர்கள் எல்லோரும் நடந்ததன் மிச்சம் அது. தேநீர் ஆறியபடி நின்று பார்த்திருக்கிறேன்.

ஓர் இடம் மட்டும் வரவில்லை. பணியக்கணக்கு, அதாவது தோட்டத்தின் கீழ்ப் பிரிவு; அதன் லயங்களுக்கும் ஸ்டோருக்கும் நடுவே, பலாக்கொட்டை வடிவில் ஒரு கறுப்பு. சுற்றிலும் எல்லாம் பச்சையாகிவிட்டது. அது அப்படியே நின்றது.

"பக்" என்றாள் அவள். நிரலில் பிழை என்று பொருள்.

அந்தப் பிழையைத் தேடி நாட்கள் போயின. உலகம் சதுரத் துண்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. இரண்டு துண்டுகள் சேரும் மூலையில் ஏதோ விடுபடுகிறது என்று முதலில் நினைத்தாள். சேமித்த கோப்பு பழுதாகிவிட்டது என்று பிறகு நினைத்தாள். வேறு மலைகளில் அதே அளவு கறுப்பை வேண்டுமென்றே உண்டாக்கி அதில் நடந்து பார்த்தாள். அங்கெல்லாம் ஒழுங்காக வரைந்தது. கம்பனி வேலையையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில் கண் சிவந்துபோனது. கடைசியில் ஒரு ஞாயிறு காலை, வெளிநாட்டில் மோட் எழுதுகிறவர்களிடம் உதவி கேட்கப்போவதாகச் சொன்னாள்.

"அந்த எடத்துலயே நடந்து பாத்தியா?" என்றேன்.

பார்க்கவில்லை. பிழை நிரலுக்குள் இருக்கிறது என்று நம்பியதால் நிரலுக்குள்ளேயே தேடியிருந்தாள். தன் பொம்மையை விளையாட்டுக்குள் இறக்கி லயத்தடியிலிருந்து நடத்திக் கறுப்பின் விளிம்புக்குக் கொண்டுபோனாள். இரண்டடி உள்ளே வைத்தாள். உடனே பச்சை திறந்தது. தேயிலைச் செடிகள், ஒரு கானின் ஓரம் - மழைத்தண்ணீர் ஓட மலையில் வெட்டும் வாய்க்கால் அது.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"நிரல் சரியாத்தான் இருக்குங்க. யாருமே போகல."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். லயத்திலிருந்து ஸ்டோருக்கு நேர்வழி அந்தச் சரிவைக் குறுக்கே வெட்டிப் போவதுதான். விளையாட்டில் அட்டை இல்லை, பாம்பு இல்லை, வழுக்கும் மண் இல்லை. இருந்தும், வாரக்கணக்கில், வேறு வேறு ஊர்களிலிருந்து, வேறு வேறு நேரத்தில் வந்த அத்தனை பேரும் வில்லாக வளைந்து சுற்றிப் போயிருக்கிறார்கள். ஒருவர் தடம்கூட உள்ளே விழவில்லை. ஒருவரோடொருவர் பேசி வைத்துச் செய்ததாக எந்தச் செய்தியும் குழுவில் இல்லை. நான் பழைய செய்திகளைப் பின்னோக்கித் தள்ளித் தேடினேன்.

அவள் குழுவில் வரைபடத்தின் அந்தத் துண்டைப் போட்டு, எந்தக் குறிப்பும் சேர்க்காமல் கேட்டாள்: "இந்த எடம் ஏன் கறுப்பா இருக்கு?"

பதில்கள் வரத் தொடங்கின.

"அங்கிட்டு யாருக்கா போவா?"

"அது புதைகாடு அக்கா. சின்னதுல இருந்தே சுத்தித்தான் போவோம். கை பழகிருச்சு."

"செருப்போட போகக்கூடாதுன்னு அப்பா அடிப்பாரு."

"இதுல ஏதுடா செருப்பு? நம்மாளு வெறும் கட்டி."

"நல்லா பாரு. ஒன்னோட ஆளு பூட்ஸ் போட்டிருக்கான். தொரை மாதிரி."

"நான் ஒருக்கா குறுக்கால போகப் பாத்தேன். மனசு வரல. கேமுதானேன்னு நெனச்சேன், அப்பவும் வரல. யாருகிட்டயும் சொல்லல, சிரிப்பீங்கன்னு."

"இப்ப சிரிக்கிறோம்."

யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

வயதானவர்கள் காட்டிய மூன்று மலைகளில் புதைகாடு இருப்பது இதில்தான் என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் சரிவு ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பாதி இருக்கும். இடத்தைக் காட்டு என்றால் அவளால் எதைக் காட்ட முடியும்? மண் வெட்டும் வேலை மழை விட்டதும் தொடங்கும் என்று சொல்லியிருந்தார்கள். மழை விட்டுக்கொண்டிருந்தது.

சிறிது நேரம் கழித்துக் கட்டார் அண்ணன் எழுதினார். "தங்கச்சி, கேக்கிறேன்னு தப்பா நெனைக்காதீங்க. நீங்க எந்த லயம்?"

அதுவரை அவளை எல்லோரும் மேப் அக்கா என்றே அறிவார்கள். அவள் எழுதினாள்: "பணியக்கணக்கு, கோயிலடி லயம், கடைசிக் காம்பரா. ஆறு வயசுல பதுளைக்கு வந்துட்டோம்."

அவர் எழுதுகிறார் என்ற அடையாளம் தோன்றும், மறையும். பிறகு வந்தது: "அப்பா ரேடியோ வச்சிருந்தவரா?"

"ஆமாண்ணே."

"அப்ப ஒங்க அம்மாவுக்குக் குழி வெட்டுன ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். எங்கப்பாவுக்கு முடியாம இருந்துச்சு. அவருக்குப் பதிலா நான் போனேன். அப்ப எனக்குப் பதினேழு வயசு. அதுதான் எனக்கு மொத தடவ."

மனைவி போனை மேசையில் வைத்தாள். திரும்ப எடுத்தாள். "எடம் நெனவிருக்காண்ணே?"

"மேப்புல பாருங்க."

வரைபடத்தில் அவர் புள்ளி லயத்தடியில் தோன்றியது. கறுப்பின் விளிம்புவரை வந்து நின்றது. நிற்பதைப் பார்த்து அவள் விளையாட்டையும் திறந்தாள். அவருடைய பொம்மை விளிம்பில் நின்று, காலில் இருந்த பூட்ஸைக் கழற்றிக் கீழே போட்டது. அந்த விளையாட்டில் போட்டிருப்பதைக் கழற்றி எறிய முடியும். பிறகு உள்ளே நடந்தது.

கறுப்பில் ஒரு பச்சைக் கோடு நுழைந்தது. நான் முன்பு எத்தனையோ கோடுகள் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். இது அவற்றைவிட மெதுவாக விழுந்தது. கானை ஒட்டி ஏறியது. ஓர் இடத்தில் நின்று, இரண்டு கட்டி பின்வாங்கி, இடப்புறம் திரும்பியது. அவர் முன்பே வெளிப்புறத்தில் நின்று கட்டிய ஒரு பெரிய பாறை, அந்தச் சரிவின் மேல் விளிம்பில் கவிழ்ந்த அண்டா போல இருந்தது. அதன் கீழே போய்ப் புள்ளி அசையாமல் நின்றது. சுற்றிலும் கறுப்பு, நடுவில் கயிறு போல ஒரு வழி, அதன் முனையில் ஒரு வெள்ளை.

கீழே கடையில் யாரோ பருப்பு நிறுக்கச் சொன்னது கேட்டது.

"இங்கதான்" என்று எழுதினார் அவர்.

மறுநாள் காலை நான் சொன்னேன், ஒருவர் சொன்னால் போதாது என்று. அவருக்கு அப்போது பதினேழு வயது. அதன் பிறகு எத்தனை குழி வெட்டியிருப்பாரோ.

"இது நியூஸ் இல்லீங்க" என்றாள் அவள்.

"இல்லதான். ஆனா நீ போய் நிக்கப்போறது ஒரு எடத்துல. அந்த எடம் அதுவா இருக்கணும்."

அன்றிலிருந்து சரிவுக்குள் வேறு புள்ளிகளும் வரத் தொடங்கியிருந்தன. ஒருவர் போனதும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்திருக்க வேண்டும். ஒவ்வொருவரும் விளிம்பில் நின்று பூட்ஸைக் கழற்றினார்கள். ஒவ்வொரு கோடும் தனித்தனியாக உள்ளே போய் ஒரு முனையில் நின்றது, வந்த வழியே திரும்பியது. ஒருவர் கோட்டை இன்னொருவர் குறுக்கே வெட்டவில்லை. திரையில் பார்க்க ஒரு வெற்றிலையின் நரம்புகள் மாதிரி இருந்தது.

புதன்கிழமை வத்தளைப் பெண் ஒருவர் வந்தார். அவர் ஒலிவாங்கியைத் திறந்துவைத்திருந்தார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டிருந்தார். தன் அக்காவைப் புதைத்த இடத்துக்குப் போக வேண்டும் என்று அந்த அப்பாதான் கேட்டிருக்கிறார். வரைபடத்தை அவர்கள் திறந்திருக்கவில்லை. அந்த வீட்டில் இருந்தது விளையாட்டு மட்டுமே.

"இன்னும் பணிய போம்மா."

"பணியன்னா எந்தப் பட்டனுப்பா?"

"எனக்கென்னம்மா தெரியும் ஒன் பட்டனு. தண்ணி ஓடுற பக்கம். ஆ, அப்படித்தான். நில்லு. தாண்டிட்ட."

"ஒரு அடிதாம்பா தாண்டினேன்."

"ஒரு அடின்னா ஒரு ஆளும்மா. பின்னால வா."

அந்தப் புள்ளி பின்னால் வந்து நின்றது. கட்டார் அண்ணன் நின்ற இடத்திலிருந்து இரண்டு கட்டி தள்ளி.

"இங்கதான் அக்கா. அதுக்கு மேலாப்புல ரேடியோக்காரர் சம்சாரம். ரெண்டு பேரும் ஒரே மழைக்குப் போனாங்க."

என் மனைவி ஒலிவாங்கியைத் திறக்கவில்லை. ரேடியோக்காரரின் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. அவள் என் பக்கம் திரும்பினாள். நான் தலையசைத்தேன்.

அன்றிரவே தலைவருக்குப் போன் போட்டோம். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். இடையில் இருந்த ஒரே நாளில் அவள் மோட்டில் இன்னொரு வேலை செய்தாள். விளையாட்டு மலைகள் உண்மையான உயரக் கணக்கிலிருந்து வந்தவை. ஆகவே அங்குள்ள ஒவ்வொரு கட்டிக்கும் உலகத்தில் ஓர் இடம் உண்டு. போன் தான் இருக்கும் இடத்தை அறியும். அந்த இடத்தையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக விழவைத்தாள். மஞ்சள் நிறம். மாடி அறையில் உட்கார்ந்து சோதித்தபோது, மஞ்சள் புள்ளி வரைபடத்துக்கு வெளியே எங்கோ மேற்கில் இருப்பதாகக் காட்டியது. அது பதுளை.

வெள்ளிக்கிழமை காலை பதுளையிலிருந்து பசறை, பசறையிலிருந்து மடுல்சீமை. அங்கிருந்து தோட்டத்துக்குப் பாதை பாதி தார், பாதி கல். முச்சக்கரவண்டிக்காரர் பாலத்தடியிலேயே நிறுத்திவிட்டார். தலைவர் கையில் புல் வெட்டும் கத்தியோடு நின்றார். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, அவளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்:

"பொம்பளையாளுங்க அங்க வர்ற வழக்கமில்லீங்களே."

"எடத்தக் காட்டுறவங்க வரணும்னு நீங்கதானே அறிவிச்சீங்க" என்றாள் அவள். "இவருக்கு எடம் தெரியாது. எனக்குத்தான் தெரியும்."

தலைவர் கத்தியின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "மண்ணு வெட்ட பெக்கோ மெசின் ஓட்டிட்டு வர்றவன் வழக்கம் கேட்டுக்கிட்டா வருவான்? சரி, வாங்க. செருப்ப மட்டும் இங்கிட்டு விட்ருங்க."

சரிவு முழுவதும் மானாப் புல். தேயிலை அங்கங்கே காட்டுமரமாக வளர்ந்திருந்தது. புல் எங்கள் தோள் வரை இருந்ததால் எதுவும் தெரியவில்லை. அவள் போனைத் திறந்தாள். சிக்னல் ஒரு கோடு மட்டும் இருந்தது. வரைபடம் வந்தது. வெள்ளைப் புள்ளி ஏற்கெனவே அங்கே இருந்தது. கட்டார் அண்ணன், அன்று அவருக்கு லீவு, பாறையின் கீழே பூட்ஸ் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். கீழே சரிவின் விளிம்பில் மஞ்சள் புள்ளி. அது நாங்கள்.

தலைவர் எட்டிப் பார்த்தார். "இது யாரு?"

"கட்டார்ல இருக்கிற அண்ணன். நமக்காக நிக்கிறாரு."

"அங்க இருந்துக்கிட்டு இங்கயா நிக்கிறான்?" என்று கேட்டுவிட்டு, போனிலிருந்து கண்ணை எடுத்து, புல்லுக்கு மேலே அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். யாரோ நிற்பார்கள் என்பதுபோல.

நடந்தோம். தலைவர் புல்லை வெட்டி வழிவிட்டார். மஞ்சள் புள்ளி அசையும், ஒரு கணம் பின்னால் குதிக்கும், மறுபடி முன்னால் வரும். ஒருமுறை வரைபடம் உறைந்துபோனது. மூவரும் அப்படியே நின்றோம். காற்றில் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. பிறகு மஞ்சள் நகர்ந்தது. காலுக்கடியில் கானின் விளிம்பு தட்டுப்பட்டது. இலையும் மண்ணும் அடைத்த பழைய கான். கட்டார் அண்ணன் திரையில் காட்டிய அதே வளைவில் அது இடப்புறம் திரும்பியது. வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவே இருந்த தூரம் குறைந்துகொண்டே வந்தது. அண்டா கவிழ்ந்த மாதிரி பாறை, புல்லுக்கு மேலே தலை காட்டியது. எத்தனையோ கடல் தாண்டி, ஒரு கட்டிலில் சாய்ந்தபடி ஒருவர் அடுக்கிய பாறை. இதற்கு முன் அதை நான் திரையில்தான் பார்த்திருந்தேன். இப்போது அதன்மேல் பாசி இருந்தது.

மஞ்சள் புள்ளி வெள்ளைப் புள்ளியின் மேல் ஏறியது. இரண்டும் ஒன்றாயின.

"வந்துட்டீங்களா தங்கச்சி?" என்று ஒரு செய்தி வந்தது.

"வந்துட்டேண்ணே."

அவள் போனை என்னிடம் கொடுத்தாள். தலைவர் சுற்றிலும் புல்லை அறுத்து ஒரு பாய் அளவு இடத்தை வெளியாக்கினார். அடியில் மண் லேசாகத் தணிந்திருந்தது. அவள் மண்டியிட்டாள். கற்பூரம் காற்றில் மூன்று முறை அணைந்தது. நான்காவது முறை தலைவர் தன் தொப்பியால் மறைத்துப் பிடித்தார். அவள் பிடி மண் எடுத்துத் துணியில் முடிந்தாள். திரையில் வெள்ளைப் புள்ளி நாங்கள் எழும்வரை அங்கேயே இருந்தது.

எழுந்தபோது, வெட்டிய புல்லுக்கு அப்பால், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு முளை தெரிந்தது. வீட்டுக் காணிகளைப் பிரிக்க அடித்தது. புதிதாகச் சீவிய மரம். அதன் தலையில் சிவப்புப் பெயின்ட்டில் பதினான்கு என்று எழுதியிருந்தது.